கேட்காமல் கட்டிய அணை: கிரீ மக்களின் கதை

வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு விலை கொடுப்பது யார் என்பதே கேள்வி. கனடாவின் கிரீ மக்களின் வரலாறு இதற்கு ஒரு சான்று.

கியூபெக் மாநிலத்தின் வடக்கே, ஜேம்ஸ் வளைகுடாவின் கிழக்குப் பகுதியில் காலங்காலமாக வாழ்ந்து வரும் பூர்வகுடியினர் இவர்கள். வேட்டையும் மீன்பிடிப்பும் இவர்களுக்குப் பிழைப்பு மட்டுமல்ல. பிள்ளைகள் மொழியையும் மரபையும் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடமும் காடுதான்.

1971 ஏப்ரல் 30ஆம் நாள், மாநில முதல்வர் ராபர்ட் புராசா அங்கு மாபெரும் நீர்மின் திட்டத்தை அறிவித்தார். அந்த மண்ணில் வாழ்ந்தவர்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கிரீ மக்கள் நீதிமன்றத்தை நாடினர். வேட்டைக்காரர்களே நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். 1973 நவம்பர் 15ஆம் நாள் நீதிபதி ஆல்பர்ட் மலூஃப் பணிகளை நிறுத்த உத்தரவிட்டார். ஆனால், ஒரே வாரத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கி வைத்தது.

அணை எழும்பிக்கொண்டிருந்த நிலையில், 1975 நவம்பர் 11ஆம் நாள் கிரீ, இனுயிட் மக்கள் அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 225 மில்லியன் கனடிய டாலர் இழப்பீடும், வேட்டை உரிமையும், தங்கள் கல்வி, சுகாதாரத்தைத் தாங்களே கவனிக்கும் வாரியங்களும் கிடைத்தன.

இழந்தவையோ ஏராளம். வேட்டை நிலங்கள் நீரில் மூழ்கின. லா கிராண்ட் ஆற்றில் நீர்ப்பெருக்கு கூடியதால், ஆற்றுத் தீவில் இருந்த ஃபோர்ட் ஜார்ஜ் ஊர் மக்கள் 1980ஆம் ஆண்டுவாக்கில் சிசாசிபிக்குக் குடிபெயர்ந்தனர். நீரில் மூழ்கிய மண்ணும் செடிகொடிகளும் அழுகியபோது, அவற்றிலிருந்த பாதரசம் நச்சாக மாறி மீன்களில் சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக உண்ட மீனையே குறைத்துக்கொள்ளும்படி அறிவுறுத்தப்பட்டது. மீனைத் தொடாதவன் ஆற்றுக்கு எதற்குப் போவான்? தந்தை மகனுக்குக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பும் அங்கே குறைந்தது.

அடுத்து வந்த கிரேட் வேல் திட்டத்தை அவர்கள் விடாப்பிடியாக எதிர்த்தனர். 1990இல் படகில் நியூயார்க் வரை சென்று நியாயம் கேட்டனர். 1992இல் நியூயார்க் மாநிலம் மின்சாரம் வாங்கும் ஒப்பந்தத்தைக் கைவிட்டது. 1994இல் திட்டமும் கிடப்பில் போடப்பட்டது.

2002 பிப்ரவரி 7ஆம் நாள் புதிய உடன்பாடு கையெழுத்தானது. 50 ஆண்டுகளில் ஏறத்தாழ 3.5 பில்லியன் டாலர் வழங்க அரசு இணங்கியது. ரூபர்ட் ஆற்றைத் திருப்பிவிடக் கிரீ தலைமை சம்மதித்தது. கிரீ ஊர்களிலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. 2009இல் ஆறு திருப்பப்பட்டது.

1971இல் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. 2002இல் அவர்களைக் கேட்காமல் முடியவில்லை. அந்த மரியாதையை அவர்கள் போராடியே பெற்றார்கள். மூழ்கிய நிலம் மட்டும் திரும்பவில்லை.