கைம்பெண்ணின் பெட்டகம்: வழமை கேட்ட கேள்வியும் சட்டம் கேட்ட கேள்வியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் கோட்டையையும் கப்பல்களையும் பற்றியே கூறுவர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என மாறி மாறிப் பறந்த கொடிகளின் கதை நேயர்கள் பலரும் அறிந்ததே. ஆனால் ஆட்சி மாறியபோது கோட்டை மட்டும் கைமாறவில்லை. வீட்டினுள் இருந்த பெட்டகத்தின் உரித்தும் மாறியது. கணவனை இழந்த ஒரு மாது கண்ணை மூடியபின், அவளுடைய வளவு யாருக்கு, அட்டியல் யாருக்கு, வெண்கலப் பானை யாருக்கு என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு காலத்தும் ஒவ்வொரு விடை கிடைத்தது.

திருகோணமலைக்கு வடக்கே, யாழ்ப்பாணத்தில் வழங்கிய விடையை முதலில் நோக்குவோம். அங்கிருந்த தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். அத்தொகுப்புத் தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரு முதலியார்களால் ஆராய்ந்து ஏற்கப்பட்டு, 1707-ம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதுவே தேசவழமை. ஆங்கிலேயரும் 1806-ம் ஆண்டின் 18-ம் இலக்க ஒழுங்குவிதியால் அதனை உறுதிப்படுத்தினர். தேசவழமை சொத்தை மூன்றாகப் பிரித்தது: முன்னோரிடமிருந்து வந்தது முதுசொம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டியது தேடியதேட்டம். முற்காலத்தில் தந்தையின் முதுசொம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும், தேடியதேட்டம் இரு சாராருக்கும் சேர்ந்தன என்றும், பறங்கியர் காலத்தில் இவ்வொழுங்கு தளர்ந்தது என்றும் அந்நூலே கூறுகிறது. இவ்வழமையின் உயிர்நாடி ஒரே கேள்விதான்: இப்பொருள் எங்கிருந்து வந்தது? 1911-ம் ஆண்டில் இயற்றப்பட்ட யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டமும், தந்தைவழி வந்ததைத் தந்தைவழிக்கும் தாய்வழி வந்ததைத் தாய்வழிக்கும் திருப்பும் நெறியை அறவே கைவிடவில்லை.

தெற்கே மட்டக்களப்பில் முக்குவர் வழமை நிலவியது. அங்குக் குடி என்பது தாய்வழி எண்ணப்படுவது. முதுசொமும் பெண்வழியே இறங்கியது. அவ்வழமையைப் பற்றிக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876-ம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். விந்தை யாதெனில், அவ்வழமைக்கு முடிவுகட்டிய சட்டமும் அதே ஆண்டில்தான் பிறந்தது.

1876-ம் ஆண்டின் 15-ம் இலக்கத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டமே அது. கண்டிய வழமைக்கு உட்பட்டோர், முஸ்லிம்கள், தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழர் ஆகியோர் நீங்கலாக, ஏனையோர்க்கெல்லாம் அது பொதுவாயிற்று. முக்குவர் வழமைக்கு விதிவிலக்கு அளிக்கப்படவில்லை. திருகோணமலைத் தமிழரும் இப்பொதுச் சட்டத்தின் கீழேயே வந்தனர். மூதூரிலும் கிண்ணியாவிலும் வாழும் முஸ்லிம்களுக்கு அவர்தம் மார்க்கச் சட்டமே உரியது. அதன்படி மகனின் பங்கில் பாதி மகளுக்குச் சேரும். இவ்வாறு ஒரே குடாவைச் சுற்றி வாழும் அயலவர் இருவரின் பெட்டகங்கள் இரு வேறு கணக்கின்படி பிரிக்கப்படலாயின.

பொதுச் சட்டம் கேட்கும் கேள்வி வேறு. பொருள் எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. இறந்தவருக்கு யார் நெருங்கிய உறவு என்றே கேட்கிறது. கைம்பெண்ணுக்குப் பிள்ளைகள் இருப்பின், மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. முன்னரே இறந்த பிள்ளையின் பங்கு அப்பிள்ளையின் மக்களைச் சேரும். இதில் ஒரு நேர்மை உண்டு என்பதை மறுக்கலாகாது. ஆனால் பிள்ளையற்றவளின் நிலை யாது?

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். ஆங்கிலக் கடற்படை 1957-ம் ஆண்டில் திருகோணமலைத் தளத்தைக் கையளிக்கும்வரை, அங்கு வேலை செய்து ஊதியம் பெற்றோர் பலர். அவர்களுள் ஒருவர் உப்புவெளியில் ஒரு வளவு வாங்கி, மனைவி பெயரில் உறுதி முடித்தார் என்று கொள்வோம். அவர் மறைந்தபின், பிள்ளையற்ற அக்கைம்பெண்ணைக் கடைசிவரை பேணியவள் கணவனுடைய தமக்கையின் மகள். "இந்த வீடு உனக்குத்தான் பிள்ளை" என்று கிழவி பத்துப்பேர் கேட்கச் சொல்லியிருக்கலாம். எனினும் எழுத்தில்லாது அவள் இறந்தால், பெற்றோரும் முன்பே இறந்திருப்பின், வளவு அவளுடைய உடன்பிறந்தாரையே சேரும். கணவனின் உழைப்பில் வந்த நிலத்தில் கணவன்வழி மருமகளுக்கு ஒரு சாண் நிலமும் கிட்டாது.

பழைய வழமை பொருளின் ஊற்றைக் கேட்டது. புதிய சட்டம் இரத்த உறவின் நெருக்கத்தைக் கேட்கிறது. நோயிற் கிடந்தவளின் வாயில் தண்ணீர் விட்டவர் யார் என்னும் மூன்றாவது கேள்வியை இரண்டுமே கேட்கவில்லை. அக்கேள்விக்கு விடை கூற வல்லவள் அக்கைம்பெண் ஒருத்தியே.

அவ்விடையைக் கூறும் உரிமையைச் சட்டம் அவளுக்கு மறுக்கவில்லை. 1844-ம் ஆண்டின் 21-ம் இலக்கக் கட்டளைச் சட்டம், தன் சொத்தை விரும்பியவருக்கு மரணசாதனத்தால் அளிக்கும் முழு உரிமையை வழங்கிற்று. ஆனால் 1840-ம் ஆண்டின் 7-ம் இலக்கச் சட்டம் அதற்கு ஒரு வாயிலை வைத்தது: விருப்பம் எழுத்தில் இருத்தல் வேண்டும், நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையாகவோ, நொத்தாரிசு இன்றேல் ஐந்து சாட்சிகள் முன்னிலையாகவோ கையொப்பம் இடப்படல் வேண்டும். முற்றத்தில் பத்துப்பேர் கேட்ட சொல்லுக்கு அவ்வாயிலில் இடமில்லை.

வேறு சிலர் சீவிய உரித்தைத் தமக்கு வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதிவிடுவர். இது வழக்கைத் தவிர்க்கும். ஆயினும் ஏற்றுக்கொள்ளப்பட்ட நன்கொடையை, பெரும் நன்றிக்கேடு போன்ற காரணமின்றி மீட்பது அரிது. கையொப்பமிடுமுன் சிந்திக்க வேண்டியது இது. கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டங்களின் வயல்களோ வேறு வகையின. 1935-ம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்படாத கைம்பெண், கணவனின் காணியைத் தன் ஆயுட்காலத்துக்கு அனுபவிக்கலாமேயன்றிப் பிறர்க்குப் பங்கிட்டுக் கொடுத்தல் இயலாது. ஆண்மக்களை முன்வைத்த அச்சட்டத்தின் வாரிசு வரிசை 2022-ம் ஆண்டிலேயே திருத்தம் பெற்றது.

சொத்துச் சிறிதாயினும் பிணக்குச் சிறிதாவதில்லை. ஒரு சோடிக் காப்புக்காகப் பேச்சை நிறுத்திய உடன்பிறந்தார் எல்லா ஊரிலும் உளர். முதியவள் ஒருத்தி தன் பெட்டகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, "இப்போது ஏன் அந்தப் பேச்சு?" என்று உறவினர் வாயடைப்பது அன்பினால்தான். ஆயின் அவள் சொல்லாமல் விட்டதைப் பின்னர் சட்டமே சொல்லும். அதற்கு அவளுடைய மனம் தெரியாது.