வெளிவீதியிலிருந்து ஆடிவீதி வரை

மதுரையின் பழைய நகரம் மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்துச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கப்பால் மாசி வீதி, எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதி. ஒவ்வொன்றும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு. ஊர்க்காரர் வாயில் அவை கீழமாசி வீதி, மேலமாசி வீதி என்றுதான் வழங்கும். பெரும்பாலோர் நேரே கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வெளிச்சுற்றில் தொடங்கி உள்ளே நடந்தால் ஊரின் வரலாறு ஏறத்தாழப் பின்னோக்கி விரிகிறது. முதலில் கம்பெனிக் காலம், அடுத்து நாயக்கர் காலம், கடைசியில் பாண்டியர் காலம். அரை நாளும் தேய்ந்த செருப்பும் இதற்குப் போதும்.

உத்தமபாளையம், கம்பம் பக்கத்தவருக்கு இந்த நடை பேருந்திலேயே தொடங்கிவிடுகிறது. உசிலம்பட்டி, செக்கானூரணி தாண்டி மதுரைக்குள் நுழையும் தேனி சாலையில் சம்மட்டிபுரம் வருகிறது. கான் சாகிப் என்று ஊர் சொல்லும் யூசுப் கானின் அடக்கத்தலம் அங்கேதான் இருக்கிறது. ஆற்காட்டு நவாபுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மதுரையை ஆண்டு கொடுத்தவர், பிறகு இருவரையும் எதிர்த்துக் கோட்டைக்குள் இருந்து முற்றுகையைத் தாங்கினார். உள்ளிருந்தவர்களே காட்டிக் கொடுத்ததில் பிடிபட்டு 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் பலப்படுத்திக் காத்த கோட்டைதான் இந்த நடையில் முதலில் தேட வேண்டியது.

தேனி வழிப் பேருந்துகள் ஆரப்பாளையத்தில் நின்றுவிடும். அங்கிருந்து நகரப் பேருந்தில் பெரியார் நிலையம் வந்து இறங்கினால் பழைய கோட்டையின் தென்மேற்கு மூலை. (நிலையத்தின் பெயர் ஈ.வெ.ரா. பெரியாரைக் குறிப்பது, கம்பம் பள்ளத்தாக்குக்காரர் நினைக்கக்கூடிய பெரியாற்றை அல்ல.) மேலவாசல் என்ற பெயர் கோட்டையின் மேற்கு வாயிலுடையது. நிலையத்தை ஒட்டிக் கோட்டைச் சுவரின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. நாயக்கர் கோட்டையில் கண்ணுக்குத் தெரிய மிஞ்சியது இவ்வளவுதான்.

விசுவநாத நாயக்கர் (1529–1564) பாண்டியர் கோட்டையை இடித்துவிட்டு அதைவிடப் பெரிய சுற்றில் இதைக் கட்டினார். அமைச்சரும் தளவாயுமான அரியநாத முதலியாரோடு சேர்ந்து நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார் என்பதும், கோட்டையின் 72 கொத்தளங்களில் ஆளுக்கொன்றைக் காக்கும் பொறுப்பைப் பாளையக்காரர்களிடம் விட்டார் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. போடிநாயக்கனூர், கண்டமநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர் என்று மலையடிவார ஊர்கள் இன்றும் அந்த நாயக்கப் பெயர்களோடே இருக்கின்றன. பாளையம் என்றால் படை தங்கும் இடம். உத்தமபாளையத்தின் பெயரிலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர்கள் நிலைத்தன, அவை காத்த கொத்தளங்கள் போய்விட்டன.

அவற்றை அகற்றியது பீரங்கியல்ல. மாவட்ட ஆட்சியர் ஜான் பிளாக்பர்ன் 1834 முதல் 1847 வரை மதுரையில் இருந்தார். அகழி நாறிக் காய்ச்சலைப் பரப்புகிறது, மதில் ஊரை நெரிக்கிறது என்பது அக்கால எண்ணம். இடிக்க அரசிடம் பணமில்லை. எனவே மதிலை இடித்து, அந்த மண்ணால் அகழியைத் தன் செலவில் தூர்ப்பவருக்கு அந்த நிலமே சொந்தம் என்று அறிவித்தார். ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. அப்படிப் பிறந்த வீதிகளுக்கு வேலையை மேற்பார்த்தவர்களின் பெயரே வைக்கப்பட்டது. மாரட் வீதியில் இருப்பது ஓர் ஆங்கிலேயர் பெயர், பெருமாள் மேஸ்திரி வீதியில் இருப்பது வேலையாட்களின் மேஸ்திரி பெயர். இடித்தவரின் பெயர் வீதிக்குக் கிடைப்பது அபூர்வம், ஒரு மேஸ்திரிக்குக் கிடைப்பது அதைவிட அபூர்வம். கோட்டைக்கு வெளியே ஓடிய சுற்றுதான் வெளி வீதி. 1875இல் ரயில் வந்தபோது நிலையமும் மேல வெளி வீதிக்கு அப்பால்தான் அமைந்தது.

பெரியார் நிலையத்துக்குப் பக்கத்திலேயே காஜிமார் தெருவும் அதன் பழைய பள்ளிவாசலும் கூடலழகர் கோயிலும் அருகருகே இருக்கின்றன. இரண்டையும் பார்த்துவிட்டு மேலமாசி வீதிக்குத் திரும்பலாம். அங்கே ஒரு மாடிவீடு, கதவு எண் 251 ஏ, இப்போது கதர் விற்கும் கடை. 1921 செப்டம்பர் 22 காலையில் காந்தி இங்கேதான் சட்டையையும் தொப்பியையும் விட்டு முழங்கால் வரைக்குமான நான்குமுழ வேட்டிக்கு மாறினார். வெளியே நிற்கும் இருசக்கர வாகன வரிசையில் இந்த வீட்டைத் தவறவிடுவது எளிது.

மாசி வீதிகள்தான் தேர் ஓடும் வீதிகள். இங்கே புதிதாக வருபவரைக் குழப்பும் ஒரு கணக்கு உண்டு. சித்திரைத் திருவிழாத் தேர் சித்திரை வீதியில் ஓடுவதில்லை, மாசி வீதிகளில் ஓடுகிறது. காரணம் திருமலை நாயக்கர் (1623–1659). மாசியில் நடந்து வந்த மீனாட்சி கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் அவர் சித்திரைக்கு மாற்றி, அழகர் வைகையாற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்பார்கள். மாதம் மாறியது, தேர் ஓடும் வீதி மாறவில்லை, வீதியின் பெயரும் மாறவில்லை. பெருந்தேர் நேர்வீதியில் வடம்பிடித்ததும் ஓடிவிடும். மூலை வந்தால்தான் சோதனை. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டு, ஒரு பக்கத்தைத் தேக்கி, அடி அடியாகத் திருப்புவார்கள். நான்கு மூலைகளும் கட்டடம் நெருக்காமல் அகலமாக இருப்பது அதற்காகத்தான். அழகர் இறங்கும் நாளில் ஆற்றில் ஓடுவது 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையிலிருந்து விடும் தண்ணீர். அதில் உத்தமபாளையத்தைக் கடந்து வந்த முல்லைப் பெரியாற்று நீரும் கலந்திருக்கிறது.

தெற்குமாசி வீதியின் ஜவுளிக்கடைகளைக் கடந்தால் விளக்குத்தூண். கோட்டையை இடித்த பிளாக்பர்ன் நினைவாக நட்டது இது. இன்று பலருக்கு அது ஜிகர்தண்டா குடிக்கும் இடத்துக்கு அடையாளம் மட்டுமே. அங்கிருந்து சிறிது தூரத்தில் பத்துத்தூண் சந்து. நடக்கவே இடமில்லாத கடைகளுக்கு நடுவே பத்து ராட்சதத் தூண்கள் எதையும் தாங்காமல் நிற்கின்றன. கடைக்காரரின் துணிமூட்டை ஒன்றன் அடியில் சாய்ந்திருக்கும், மின்கம்பி இன்னொன்றைத் தொட்டுப் போகும். திருமலை நாயக்கர் அரண்மனையின் ஒரு பகுதியான ரங்கவிலாசத்தில் எஞ்சியவை அவை. அரண்மனை ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதை, எஞ்சி நிற்கும் மஹாலைவிட இந்தச் சந்துதான் நன்றாகச் சொல்கிறது. அருகே நவபத்கானா தெரு, அரண்மனை முரசு கொட்டிய இடத்தின் பெயர்.

மஹால் கட்டப்பட்டது 1636இல். திருச்சிராப்பள்ளியிலிருந்து தலைநகரை மதுரைக்குக் கொண்டுவந்த கையோடு எழுந்தது. தலைநகர்த் தகுதி நெடுநாள் நிற்கவில்லை. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் மறுபடி திருச்சிக்குப் போனபோது அரண்மனையின் நல்ல பகுதிகளைப் பெயர்த்து எடுத்துச் சென்றார். இன்று நிற்பது பழையதில் கால் பங்கு என்பது பொதுவான மதிப்பு. முற்றத்தைச் சுற்றிய தூண்களை இரண்டு பேர் கைகோத்தாலும் வளைக்க முடியாது. கல் என்று எண்ணத் தோன்றும், உள்ளே செங்கல். மேலே சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் முட்டை வெள்ளைக்கரு கலந்த மெருகு. கை எட்டும் உயரம் வரை வருகிறவர்கள் கீறிவைத்த பெயர்கள் இருக்கும், அதற்கு மேலேதான் அந்தப் பழைய வழவழப்பு தெரியும். சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் 1866க்கும் 1872க்கும் இடையில் செலவழித்துச் செப்பனிட்டிருக்காவிட்டால் இதுவும் இடிந்து செங்கலாய் விலைபோயிருக்கும். பிறகு நெடுங்காலம் நீதிமன்றங்கள் இதற்குள் இயங்கின.

கீழமாசி வீதி தேர்முட்டியையும் பலசரக்கு மொத்தக் கடைகளையும் கடந்து மேற்கே திரும்பினால் கூரையில்லாத பெரும் கல்வாயில் ஒன்று வழிமறிக்கும். அது ராயகோபுரம். மற்ற கோபுரங்களைவிடப் பெரிதாகத் திருமலை நாயக்கர் எண்ணி அடித்தளத்தோடு நின்றுபோனது. அதை அடுத்து எழுகடல் தெரு. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை கடலாட விரும்பியதால் சிவன் ஏழு கடலையும் ஒரு குளத்தில் வரவழைத்தார் என்று திருவிளையாடல் சொல்லும். அந்தக் குளம் இருந்த இடத்தில் இப்போது கடைகள், கடல் தெருவின் பெயரில் மட்டும்.

எதிரே புதுமண்டபம். 124 தூண்களோடு வசந்தவிழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டியது. நாயக்க அரசர்களின் ஆளுயரச் சிலைகள் தூண்களில் இருக்கின்றன. தலைமுறைகளாகத் தையற்காரரும் பாத்திரக்காரரும் புத்தகக் கடைக்காரரும் இந்தச் சிலைகளுக்கு நடுவில்தான் வியாபாரம் செய்தார்கள். தையல் எந்திரத்தின் கடகடப்பு ஓய்ந்தது அண்மையில்தான், கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது. அம்மன் சன்னதிக்கு நேர் கிழக்கே இருக்கும் விட்டவாசலைப் பலர் ஏதோ பழைய வளைவு என்று எண்ணித் தாண்டுகிறார்கள். விசுவநாதர் இடித்த பாண்டியர் கோட்டையில் எஞ்சிய கிழக்கு வாயில் அது. பாண்டியரின் ஊர் மாசி வீதி வரைகூட வரவில்லை என்பதற்கு அதுவே அளவுகோல்.

வண்டிகள் ஓடாத சித்திரை வீதியில் நின்று பார்த்தால் கோபுரங்களின் வயது தெரியும். கிழக்குக் கோபுரம் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி, எல்லாவற்றிலும் பழையது. ஏறத்தாழ 170 அடி உயரமுள்ள தெற்குக் கோபுரம் 16ஆம் நூற்றாண்டு. நெடுங்காலம் முடியாமலிருந்ததால் வடக்குக் கோபுரத்துக்கு இன்றும் மொட்டைக் கோபுரம் என்றே பெயர். உள்ளே அரியநாத முதலியாரின் ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களை எண்ணினால் 985தான் வரும். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரையும் நாடாரையும் அழைத்துக்கொண்டு இந்தக் கோயிலுக்குள் நுழைந்தார். அதுவரை அவர்களுக்கு ஊரின் சுற்றுகள் எல்லாம் கோயில் மதிலோடு முடிந்துவிட்டன.

கைபேசியை வாயிலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதால், வெளிவீதியிலிருந்து நடப்பவர் விடிந்த உடனே புறப்படுவது நல்லது.