அரண்மனையிலிருந்து கொட்டடிக்கு வந்த வெளிச்சம்

ஒலி-ஒளிக் காட்சி, நடிகரே இல்லாத நாடகம். 1952-இல் பிரான்சின் ஷாம்போர் கோட்டையில் பிறந்தது. கோட்டையின் பொறுப்பாளர் போல் ராபர்-ஊதேன், பேர்பெற்ற மந்திரவித்தைக்காரர் ஒருவரின் பேரன். இரவில் சுவர்மேல் விளக்குகளை ஏற்றியும் அணைத்தும், ஒலிபெருக்கியில் பழங்கதையைப் பேசவைத்தார். மேடை கிடையாது, திரை கிடையாது, கட்டடமே பாத்திரம். தாத்தாவின் தொழில் பேரனிடம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது போலும்.

ஏதென்ஸ், கீசா பிரமிடுகள் என்று சுற்றிய ஒலி-ஒளிக் காட்சி, 1960-களில் டில்லி செங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. மதுரைக்காரர்களுக்குத் திருமலை நாயக்கர் மகாலில் பழக்கம். தூண்கள் நிறம் மாற மாற சிலப்பதிகாரம் கேட்கும். எங்கே போனாலும் அரண்மனை, கோட்டை, மன்னர் கதை.

அந்தமான் செல்லுலார் சிறைக்கு வந்தபோதுதான் அதற்குப் புது வேலை கிடைத்தது. இங்கே கொலுவும் இல்லை, போரும் இல்லை. வெளிச்சம் போட்டுக் காட்ட வேண்டியது ஒரு கைதியின் சாதாரண நாளை: கொட்டடி, கஞ்சி, தேங்காய் நார், செக்கு. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்தாரே, அதே செக்கு. இங்கே நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும் என்பது கணக்கு.

கட்டடம் 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. நடுக்கோபுரத்திலிருந்து சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால்போல் ஏழு கிளைகள். இன்று மிஞ்சியவை மூன்று. ஒரு கிளையின் கதவுகள் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். எதிரில் மனித முகமே தெரியக்கூடாது என்று போட்ட திட்டம். கதவின் தாழ்ப்பாளைப் பாருங்கள்: நீண்ட இரும்புக் கம்பி, பக்கச் சுவரில் குடைந்த பொந்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பவன் கம்பிவழியே கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. கொட்டடியின் பின்சுவரில், எட்டாத உயரத்தில் ஒரு சிறு சாளரம். பின்புறமிருந்து அவனுக்குக் கிடைத்த பகல் வெளிச்சம் அதுதான்.

1979-இல் சிறை தேசிய நினைவுச்சின்னமானது. ஒலி-ஒளிக் காட்சியில் கதை சொல்வது முற்றத்து அரசமரம். இந்தியில் அதற்குக் குரல் கொடுத்தவர் ஓம் பூரி. தீவு இவ்வளவு கிழக்கே இருந்தும் கடிகாரம் நம்முடையதுதான். டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடுவதால், காட்சிக்கு இருட்டு சீக்கிரமே கிடைத்துவிடும்.

மரம் பேசுவது நல்ல யோசனை. ஆனால் அது ஓயாமல் பேசுகிறது. இசையும் அழச் சொல்லித் தள்ளுகிறது. அரண்மனைக்காகப் பிறந்த கலை, பழைய படாடோபத்தை இன்னும் விடவில்லை. வராந்தாவில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து, கம்பிகளின் நிழல் சுவரில் விழுவது போதும். பார்ப்பவர் தன் வீடு, தன் சோறு, தான் நினைத்தபோது திறக்கிற கதவு என்று தானாக யோசிப்பார். அமெரிக்கரான ஜேம்ஸ் டரல் வெளிச்சத்தை மட்டுமே வைத்து ஆயுள் முழுக்கக் கலை செய்துகொண்டிருக்கிறார்; அவர் அறைகளில் யாரும் கதை சொல்வதில்லை.

காட்சியை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நடுவில் இரண்டு நிமிடமாவது ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, விளக்கை மட்டும் எரியவிடுங்கள்.