மெம்பிஸ் ஸோல் சங்கீதமும் அதன் மறுபதிப்புத் தொகைகளும்

ஒரு ஜனசமூகத்தின் சங்கீதம் பெரும்பாலும் மூன்று நிமிஷத்துக்கு மேற்படாத சிறு இசைத்தட்டுக்களில் அடங்கி, ரேடியோவிலும் கடைவீதியிலும் சில வாரங்கள் ஒலித்துவிட்டு, பிறகு கிடங்குகளில் கேட்பாரற்றுக் கிடந்து, கால் நூற்றாண்டுக்குப் பின் பதிப்பாசிரியர் சிலருடைய பிரயத்தனத்தால் காலவரிசைப்படி தொகுக்கப்பெற்று, முன்னுரையோடும் குறிப்புக்களோடும் மறுபடி உலகுக்கு வந்தது என்றால், அந்தக் காரியத்தை வெறும் வியாபாரம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. அமெரிக்கக் கறுப்பின மக்களுடைய ஸோல் சங்கீதத்துக்கு வாய்த்த பாக்கியம் இது. ஆயினும் அத்தொகைகளை வரிசையாக வைத்துக்கொண்டு பொறுமையோடு கேட்கிறவருக்கு வேறோர் உண்மையும் புலப்படாமற் போகாது. எந்தப் பாட்டு எந்தத் தொகையில் இடம்பெறும், ஒரு தொகை எந்த ஆண்டில் முடிந்து மற்றொன்று எந்த ஆண்டில் தொடங்கும் என்பவற்றையெல்லாம் நிர்ணயித்த கை, பல சமயங்களில், பத்திரம் எழுதிய வக்கீலின் கையாகவே இருந்திருக்கிறது. மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் கம்பெனியின் சரித்திரம் இதற்குத் தக்க சான்று.

ஸோல் மார்க்கத்தின் தோற்றுவாய் தேவாலயம் என்பதை அனைவரும் ஒப்புவர். 1954-ஆம் ஆண்டின் இறுதியில் ரே சார்ல்ஸ் பக்திப் பாடலொன்றின் மெட்டை எடுத்துக் காதற்பாட்டாக்கி வெளியிட்டபோது பக்தர் சிலர் முகஞ்சுளித்தனர். 1957-இல், பஜனைக் குழுவொன்றின் தலைமைப் பாடகராய்ப் பெரும் புகழ் பெற்றிருந்த ஸாம் குக், கோயிலை விட்டு அரங்குக்கு வந்தார். அதன் பின் வந்தவர்களுக்கு வழி திறந்துவிட்டது.

ஜிம் ஸ்டூவர்ட் இந்த மார்க்கத்துக்குச் சிறிதும் சம்பந்தமில்லாதவர். வெள்ளையர், வங்கி உத்தியோகஸ்தர், ஓய்வு நேரத்தில் கிராமிய சங்கீதக் கோஷ்டியில் பிடில் வாசித்தவர். 1957-இல் அவர் ஸாட்டிலைட் என்ற பெயரில் ஒரு சிறு இசைத்தட்டுக் கம்பெனி ஆரம்பித்தார். அவருடைய தமக்கை எஸ்டெல் ஆக்ஸ்டன் தம் வீட்டை அடமானம் வைத்து ஆம்பெக்ஸ் ஒலிப்பதிவு இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். இந்த அடமானம் இல்லாவிட்டால் இக்கட்டுரைக்கு விஷயமே இல்லை. 1960-இல் இருவரும் ஈஸ்ட் மக்லமோர் வீதியில் மூடிக்கிடந்த காப்பிட்டல் என்னும் சினிமாக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தனர். அடுத்த ஆண்டு, ஸாட்டிலைட் என்ற பெயருள்ள மற்றொரு கம்பெனி இருப்பது தெரியவரவே, தங்கள் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ஸ்டாக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டனர்.

அந்தக் கொட்டகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இன்று குறுந்தகட்டில் நாம் கேட்பது பாடகர் குரலை மாத்திரமன்று, அக்கட்டடத்தையும் சேர்த்தே. நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். சுவர்களில் கனத்த திரைகளைத் தொங்கவிட்டார்கள். மேடையையே இயந்திர அறையாக்கினார்கள். ஆனால், பின்வரிசைக்காரருக்கும் படம் தெரியவேண்டுமென்று திரையை நோக்கிச் சரிவாகக் கட்டிய தரையைச் சமன் செய்யப் பணமில்லை. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். சாய்ந்த தரையும், உயர்ந்த கூரையும், ஒன்றுக்கொன்று நேரெதிராக நில்லாத சுவர்களும் சேர்ந்து, அங்கே அடித்த டிரம்முக்கும் ஊதிய எக்காளத்துக்கும் ஒரு விசாலமான கார்வையை உண்டாக்கின. மற்ற ஊர்களில் பெரும் பொருள் செலவிட்டுச் செயற்கையாகச் சேர்த்த எதிரொலி இங்கே வறுமையின் பயனாக இலவசமாகக் கிடைத்தது.

வாசலில் மிட்டாய் விற்ற இடத்தில் ஆக்ஸ்டன் அம்மையார் ஓர் இசைத்தட்டுக் கடை வைத்தார். அக்கம்பக்கத்துக் கறுப்பினச் சிறுவர்கள் அங்கே வந்து நிற்பார்கள். எந்தத் தட்டைக் கேட்டு அவர்கள் கால் தாளம் போடுகிறது என்பதை அம்மையார் கவனித்து உள்ளே சொல்வார். உள்ளே புதிதாகப் பதிந்த பாட்டை வெளியே போட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பார். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் பள்ளி மாணவரான புக்கர் டி. ஜோன்ஸ். ஆர்கனில் அவரும், கிதாரில் ஸ்டீவ் க்ராப்பரும், டிரம்மில் ஆல் ஜாக்ஸனும், சில ஆண்டுகளுக்குப் பின் பேஸ் கிதாரில் வந்து சேர்ந்த டொனால்ட் டன்னும், கறுப்பர் இருவர் வெள்ளையர் இருவராக ஒரே குழுவில் அமர்ந்து வாசித்தார்கள். இனப் பாகுபாடு ஊரெங்கும் வேரோடியிருந்த அக்காலத்து மெம்பிஸில் இவர்கள் கூடியிருந்து பேசவும் உண்ணவும் வசதியாயிருந்த இடங்களுள் ஒன்று லொரெய்ன் மோட்டல். 1966-இல் க்ராப்பரும் எட்டி ஃபிளாயிடும் ‘நாக் ஆன் உட்’ என்ற பாட்டை அங்கேதான் இயற்றினார்கள். 1968 ஏப்ரல் 4-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு வீழ்ந்ததும் அந்த மோட்டலின் மாடித் தாழ்வாரத்திலேயே.

இக்கூடத்தின் வேலைமுறையை அறிய ஒரே ஒரு பதிவை உற்றுக் கேட்டாலும் போதும். 1966-இல் ஓடிஸ் ரெடிங் பாடிய ‘ட்ரை எ லிட்டில் டெண்டர்னஸ்’, 1932-இல் இயற்றப்பெற்று, பிங் க்ராஸ்பி போன்றவர்கள் இனிமையாக இழைத்துப் பாடிப் பழகிவிட்ட பழம்பாட்டு. ரெடிங்கின் பதிவு ஊதுகருவிகளின் மந்தமான முகவுரையோடு தொடங்குகிறது; அதை அமைத்தவர் ஐஸக் ஹேய்ஸ். பாடகர் ஏறக்குறைய பேசுகிற குரலில் ஆரம்பிக்கிறார். ஆர்கன் அவருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. சிறிது நேரத்தில் ஆல் ஜாக்ஸன், டிரம்மின் தோலைத் தொடாமல், விளிம்பை மாத்திரம் குச்சியால் தட்டத் தொடங்குகிறார். பாட்டு விளம்பத்தில் நடக்க, அந்தத் தட்டல் இரட்டிப்பு வேகத்தில் கடிகார முள்போல் ஓடுகிறது. இந்த இரண்டு காலங்களுக்கும் இடையே உண்டாகும் இழுபறியே பதிவின் ஜீவன். கிதார் வருகிறது, எக்காளங்கள் படிப்படியாக ஏறுகின்றன, நான்கு நிமிஷத்துக்குள் பாடகர் சொற்களை விட்டுவிட்டு வெறும் அசைகளையே உதறிப் பாடும் நிலைக்கு வந்துவிடுகிறார். இவற்றில் பெரும்பகுதி ஸ்வரம் எழுதி வைத்து வாசித்ததன்று. ஊதுகருவிக்காரருக்கு வேண்டிய சங்கதிகளை ரெடிங் வாயாலேயே பாடிக் காட்டுவார். அவர்கள் கேட்டு ஊதுவார்கள்.

ரெடிங் 1962-இல் இக்கூடத்துக்கு முதன்முதலாக வந்தது மற்றொரு வித்வானுடைய கார் சாரதியாக. அன்று மிஞ்சிய நேரத்தில் பாட அனுமதி பெற்றுப் பதிந்த பாட்டுத்தான் அவருக்கு வாழ்வளித்தது. 1967 டிசம்பர் 10-ஆம் தேதி விஸ்கான்ஸின் மாகாணத்து மொனோனா ஏரியில் விமானம் விழுந்து, அவரும், பார்-கேஸ் என்ற இளங்குழுவினர் நால்வரும் மாண்டனர். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் பதிந்த ‘டாக் ஆஃப் தி பே’ 1968-இல் வெளிவந்து, பாடகர் காலமான பின் அமெரிக்கப் பாட்டு வரிசையில் முதலிடம் பெற்ற முதல் தட்டு என்ற கீர்த்தியை அடைந்தது.

இந்தத் துக்கம் ஆறுமுன்னே பத்திரத்தின் கொடுமை வந்து சேர்ந்தது. ஸ்டாக்ஸ் தட்டுக்களை நாடெங்கும் விநியோகித்தது நியூயார்க் நகரத்து அட்லாண்டிக் கம்பெனி. பல ஆண்டுகள் வாய்ப்பேச்சின் நம்பிக்கையிலேயே நடந்த ஏற்பாட்டை 1965-இல் எழுத்தில் வடித்தார்கள். ஸ்டூவர்ட் படித்துப் பாராமல் கையெழுத்திட்டார். 1967-இல் அட்லாண்டிக், வார்னர் கம்பெனிக்கு விற்கப்பட்டது. அப்பொழுது விநியோக உறவை முறித்துக்கொள்ளப் போன ஸ்டூவர்ட்டுக்கு, அதுவரை அட்லாண்டிக் விநியோகித்த ஸ்டாக்ஸ் பதிவுகளின் மூலநாடாக்கள் அத்தனையும் அந்தப் பத்திரத்தின் ஒரு ஷரத்துப்படி அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று தெரியவந்தது. அட்லாண்டிக்கின் சார்பில் ஸ்டாக்ஸ் நிறுவனத்தோடு நெருங்கிப் பழகிய ஜெர்ரி வெக்ஸ்லர், அப்படி ஒரு ஷரத்து இருந்தது தமக்கும் தெரியாதென்று பிற்காலத்தில் சொன்னார். நம்புவோர் நம்பலாம். எது எப்படியாயினும், 1968 மே மாதத்தில் ஸ்டாக்ஸ் தன் சொந்தப் பாட்டில் ஒன்றுகூடக் கையிலில்லாத கம்பெனியாக நின்றது. அட்லாண்டிக்கிலிருந்து இரவலாக வந்திருந்த ஸாம், டேவ் என்ற புகழ்பெற்ற ஜோடியும் திரும்பிப் போயிற்று.

இழந்த பண்டகசாலையை மறுபடி நிரப்புவதற்காக, கம்பெனியின் நிர்வாகத்தில் முன்னுக்கு வந்த ஆல் பெல் 1969-இல் ஒரே வீச்சில் 27 நெடுந்தட்டுக்களை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று ஐஸக் ஹேய்ஸின் ‘ஹாட் பட்டர்ட் ஸோல்’. பக்கத்துக்கு இரண்டே பாட்டாக நீண்டு, மூன்று நிமிஷச் சம்பிரதாயத்தையே தகர்த்த அந்தத் தட்டு, அவசரத்தில் பிறந்த கூட்டத்தில் எப்படி வந்து கலந்ததோ! 1972 ஆகஸ்டு 20-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் கம்பெனி நடத்திய வாட்ஸ்டாக்ஸ் விழாவுக்கு ஒரு டாலர் டிக்கெட்டில் லட்சம் பேர் கூடினர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1975 டிசம்பரில், கடனால் கம்பெனி மூடப்பட்டது.

இனித் தொகைகளுக்கு வருவோம். 1991-இல் அட்லாண்டிக் வெளியிட்ட ‘ஸ்டாக்ஸ்/வோல்ட் ஸிங்கிள்ஸ்’ முதல் தொகை, 1959 முதல் 1968 வரையிலான 244 பதிவுகளை 9 குறுந்தகடுகளில் அடக்கியது. 1968-க்குப் பிந்திய மூலநாடாக்களை, கம்பெனி மூழ்கியபின் 1977-இல் கலிபோர்னியாவின் ஃபாண்டஸி கம்பெனி விலைக்கு வாங்கியிருந்தது. ஆகவே இரண்டாம் தொகை 1993-இலும் மூன்றாம் தொகை 1994-இலும் அந்தக் கம்பெனியிலிருந்து வெளிவந்தன. 1968 மே மாதத்தில், ஸாம், டேவ் ஜோடியைத் தவிர, பாடகர் மாறவில்லை, வாத்தியக்காரர் மாறவில்லை, அந்தச் சாய்ந்த தரையும் மாறவில்லை. எனினும் முதல் தொகை அங்கே முடிகிறது. இரண்டாவது அங்கே தொடங்குகிறது. சங்கீத சரித்திரத்தில் ஒரு யுகம் முடிந்ததென்று இளம் ரசிகர்கள் கருதும் அந்த எல்லைக்கோடு, வாஸ்தவத்தில் ஒரு சொத்துப் பாகப்பிரிவினையின் வேலிதான்.

முழுவரிசையாகக் கேட்பதால் வரும் லாபம் பெரிது. பொறுக்கியெடுத்த தொகுதிகளில் வெற்றிகள் மாத்திரம் நிற்கும்; காலவரிசைத் தொகையிலோ, ஒரு நல்ல பாட்டுக்கு முன்னும் பின்னும் அதே அச்சில் வார்க்க முயன்று தோற்றுப்போன நாலைந்து முயற்சிகளையும் கேட்கிறோம். 1959-இல் வெல்டோன்ஸ் குழுவினரின் தட்டில் அடையாளமற்றிருந்த ஓசை, 1962-க்குள் எப்படித் தனக்கென ஒரு முகத்தைப் பெற்றது என்பதைக் காதாலேயே படித்தறியலாம். மூன்று தொகைகளுக்கும் குறிப்புரை எழுதிய ராப் போமன், பழைய கலைஞர்களைத் தேடிச் சென்று பேட்டி கண்டு எழுதியவை ஒரு நூலுக்குச் சமானம். மூன்றாம் தொகையின் உரைக்கு 1996-இல் கிராமி பரிசும் கிடைத்தது. மறு ஆண்டு அந்த ஆராய்ச்சி தனிப் புத்தகமாகவே வந்தது.

ஆயினும் முதல் தொகையில் ஒரு குறையைச் சொல்லாமலிருக்க முடியாது. முழுமையானது என்று அட்டையில் அச்சிட்டுக்கொண்டும், தட்டின் முதற்பக்கத்துப் பாட்டுக்களையே முறையாகச் சேர்த்து, மறுபக்கத்தவற்றில் சிலவற்றை மாத்திரம் சேர்த்துக்கொண்டது. மறுபக்கம் என்று அலட்சியம் செய்வது எத்துணைப் பிழை என்பதற்கு இதே கம்பெனியின் சரித்திரம் சாட்சி. ‘க்ரீன் ஆனியன்ஸ்’ முதலில் ‘பிஹேவ் யுவர்ஸெல்ஃப்’ என்ற தட்டின் மறுபக்கமாகவே வந்தது. ரெடிங்கின் ‘தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்’ ‘ஹே ஹே பேபி’யின் மறுபக்கம். ரேடியோக்காரர்கள் தட்டைப் புரட்டிப் போட்டதால் பிழைத்த பாட்டுக்கள் இவை. 2018-இல் 6 குறுந்தகடுகளாக வெளிவந்த நான்காம் தொகை அக்குறையைப் பெருமளவு போக்கியது.

மறுபதிப்பில் வேறொரு பாடபேதமும் உண்டு. ஸ்டாக்ஸ் கூடத்தில் 1965 வரை ஒற்றைத் தட நாடாவே ஓடியது. எல்லோரும் ஏககாலத்தில் வாசித்து, யாராவது பிசகினால் முதலிலிருந்து திரும்ப வாசிக்கவேண்டும். அக்காலப் பதிவுகளை ஸ்டீரியோ மோகத்தில் சில கம்பெனிகள் மின்சாரத் தந்திரத்தால் இரண்டாகப் பிளந்து நெடுந்தட்டுக்களில் வெளியிட்டன. பிளந்த ஓசை வலப்பக்கமும் இடப்பக்கமும் ஓடிப் போய், நடுவில் பாடகர் தண்ணீருக்குள் நின்று பாடுவதுபோல் கேட்டது. நல்ல பதிப்பாசிரியர்கள் ஒற்றைத் தடத்துக்கே திரும்பிச் சென்றது சரியான தீர்ப்பு. நாடாவே அழிந்த இடத்தில் அவர்களும் செய்வதற்கு ஒன்றுமில்லை. 1978-இல் நியூஜெர்ஸி மாகாணத்து லாங் பிராஞ்சில் அட்லாண்டிக்கின் கிடங்கு தீப்பற்றியபோது வெளியாகாத பதிவுகளும் மாற்றுப் பதிவுகளும் ஆயிரக்கணக்கில் எரிந்தன.

மற்றக் கம்பெனிகளின் தொகைகளைப் பற்றி விரிக்க இங்கே இடமில்லை. டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் தன் தட்டுக்களை 2005 முதல் 2013 வரை 14 தொகுதிகளாக வெளியிட்டது. இங்கிலாந்தில் ஏஸ் கம்பெனியின் கென்ட் கிளை 1982 முதல், அமெரிக்கர்களே மறந்துவிட்ட சிறு கம்பெனிகளின் பாட்டுக்களைத் தேடித் தேடி அச்சேற்றியது. டேவ் கோடின் என்ற ஆங்கிலேய ரசிகர் 1997 முதல் கென்ட்டுக்காகத் தொகுத்த ‘டீப் ஸோல் ட்ரெஷர்ஸ்’ வரிசை முற்றிலும் ஒருவருடைய சுவையைப் பின்பற்றியது. காலவரிசையுமில்லை, கம்பெனி வரிசையுமில்லை. போமனுடைய தொகையிலிருந்து கற்கலாம். கோடினுடையதைக் கேட்டு அழலாம். சிகாகோவின் நூமெரோ குழுவினர் 2004-இல் ஒஹையோ மாகாணத்துக் காப்ஸோல் என்னும் சின்னஞ்சிறு கம்பெனியின் பாட்டுக்களைத் தொகுத்துத் தங்கள் திருப்பணியைத் தொடங்கினர்.

ஸ்டாக்ஸின் பண்டகசாலை இத்தனைக்கும் பிறகு வற்றிவிட்டதென்று எண்ணியிருக்கையில், 2023-இல் ‘ரிட்டன் இன் தேர் ஸோல்’ என்ற 7 குறுந்தகட்டுத் தொகை வெளிவந்தது. பாட்டை இயற்றியவர்கள், பாடகருக்குக் கற்பிப்பதற்காக, ஒரு கிதாரையோ பியானோவையோ துணைகொண்டு தாங்களே பாடிப் பதிந்துவைத்த மாதிரிகள் இவை. இசைத்தட்டுக் கம்பெனியின் நாடாக்கள் இரு கூறாகச் சிதறியபோதும், பாட்டுக்களின் பதிப்புரிமை தனிச்சொத்தாகையால், மாதிரிகள் பதிப்புரிமை நிறுவனத்தின் வைப்பறையில் ஒதுங்கிப் பிழைத்தன. பத்திரம் செய்த நன்மை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம். செரில் பவெல்ஸ்கி என்ற அம்மையார் பல ஆண்டுகள் உட்கார்ந்து கேட்டு அவற்றிலிருந்து 146 பாட்டுக்களைத் தேர்ந்தெடுத்தார். பெட்டி க்ரட்சர், ஹோமர் பாங்க்ஸ், மாக் ரைஸ் முதலிய இயற்றுவோருடைய குரல்களை அதில் நேராகக் கேட்கலாம். கம்பெனியின் விளம்பரப் பிரிவில் பணியாற்றிக்கொண்டே பாட்டும் எழுதிய டீனி பார்க்கர், குறிப்புரை எழுதியவர்களுள் ஒருவர். முதல் மூன்று தகடுகளில் இருப்பவை ஸ்டாக்ஸ் பாடகர்கள் பின்னர் பாடி வெளியிட்டவை. கடைசி மூன்று தகடுகளில் உள்ளவற்றை எவரும் எடுத்துப் பாடவேயில்லை. அவற்றுள் சில ஏன் ஒதுக்கப்பட்டன என்பது கேட்ட மாத்திரத்தில் விளங்கிவிடுகிறது. மற்றவற்றை, வாரத்துக்கு எத்தனையோ தட்டு வெளியிட்ட கம்பெனி எப்படிக் கை நழுவவிட்டது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.