மர்மக் கதையில் திணையும் பாலும்: ஐதராபாத்தின் மும்மொழிகள்

ஐதராபாத் நகரில் குற்றமும் புலனாய்வும் பொருளாக அமைந்த கதை மூன்று பெயர்களால் அறியப்படுகிறது. உருதுவில் அது ஜாசூசி நாவல். தெலுங்கில் அபராத பரிசோதன நவல அல்லது டிடெக்டிவ் நவல. அங்குள்ள தமிழர்க்குத் துப்பறியும் நாவல். ஜாசூஸ் என்னும் அரபுச் சொல்லின் பொருள் ஒற்றன் என்பதாகும். எனவே இப்னே சஃபி 1952இல் அலகாபாத்திலிருந்து எழுதத் தொடங்கிய 'ஜாசூசி துனியா' வரிசையின் தலைப்பில் ஒற்றனும் துப்பறிவாளனும் ஒருங்கே அடங்கினர். தமிழில் ஒற்றன் திருக்குறளிலேயே உள்ளவன். எனினும் புதிய பாத்திரத்திற்கு அப்பெயர் கொள்ளப்படவில்லை. 1894இல் நடேச சாஸ்திரி படைத்த தானவன் 'போலீஸ் நிபுணன்' எனப்பட்டான். பின்வந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் வாசகர் அறிந்ததோ துப்பறியும் கோவிந்தனை.

பெயர் வேறுபாடு மேற்போக்கானது. மர்மக் கதையின் தொழில் மறைத்தல். எதை மறைக்கலாம், எதை மறைக்க இயலாது என்பதை அம்மொழியின் வினைமுற்றே பெரிதும் முடிவு செய்கிறது.

தெலுங்கில் படர்க்கை ஒருமை ஆண்பால் தனித்து நிற்கும். பெண்ணும் அஃறிணையும் ஒரே விகுதி பெறும். 'வச்சாடு' என்றால் வந்தான். 'வச்சிந்தி' என்றாலோ வந்தாள் என்றும் வந்தது என்றும் பொருள். இருட்டறைக் கதவு திறக்கிறது, 'லோபலிகி வச்சிந்தி' என்று ஆசிரியர் எழுதினால், உள்ளே நுழைந்தது மனைவியா, பூனையா, பேயா என்பதை அடுத்த அத்தியாயம் வரை அவர் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு அந்த வசதி இல்லை. 'வந்தாள்' எனில் பேய் போயிற்று. 'வந்தது' எனில் மனைவி போயினாள். 'வந்தார்' என்னும் உயர்வுப் பன்மை ஆண் பெண் வேறுபாட்டை மறைக்கும், திணையை மறைக்காது. எஞ்சும் வழி 'ஓர் உருவம் வந்தது' என்பதே. தமிழ் மர்மக் கதைகளில் தேய்ந்துபோன இந்த 'உருவம்' எழுத்தாளரின் வறுமையினால் மட்டும் வந்ததன்று; திணை பிரியாத பொதுவினை இல்லாக் குறையை அது ஈடுசெய்கிறது எனலாம்.

உருதுவின் நிலை வேறு. அங்கு உயர்திணை அஃறிணை வேறுபாடு வினையில் இல்லை. ஆனால் தன்மை இறந்தகாலத்திலும் பால் தெரியும். கையொப்பமற்ற மிரட்டல் கடிதத்தில் 'நேற்றிரவு அங்கு வந்திருந்தேன்' என்று தமிழனோ தெலுங்கரோ எழுதினால் எழுதியவர் ஆணா பெண்ணா என்பது தெரியாது. உருதுவில் 'ஆயா தா', 'ஆயீ தீ' என்னும் முடிபே அதனைக் காட்டிவிடும்.

தெலுங்குத் துப்பறியும் கதை நெடுங்காலம் சென்னையில் வளர்ந்தது. கொம்மூரி சாம்பசிவராவின் டிடெக்டிவ் யுகந்தர் சென்னையில் உலவியவனே. 1956இல் ஆந்திரப் பிரதேசம் அமைந்த பின் பத்திரிகைத் தொழில் படிப்படியாக ஐதராபாத்தை நாடியது. 1980களின் தொடக்கத்தில், டெக்கான் கிரானிக்கிள் நிறுவனத்தின் ஆந்திரபூமி வார இதழில் எண்டமூரி வீரேந்திரநாத்தின் 'துளசிதளம்' தொடராக வெளிவந்தது. குழந்தையின் நோய்க்குச் சூனியம் காரணமா, மருத்துவம் விளக்கக்கூடியதா என்னும் இரு விடைகளையும் அருகருகே நிறுத்துவதே அந்நாவலின் உத்தி. இங்குத் தமிழுக்கு இழப்பு நேர வேண்டியதில்லை. கேட்டறிந்ததைக் குறிக்கும் தெலுங்கு 'அட' தமிழில் 'ஆம்' என நேரே வரும். 'சுடுகாட்டில் பூசை நடந்ததாம்' என்பதில் சொல்பவர் நம்பினாரா என்பது வெளிப்படாது. உருது இதற்குக் 'கஹ்தே ஹைங்' எனத் தனித் தொடர் அமைக்க வேண்டும்.

எண்டமூரியைத் தமிழ் வாசகரிடம் கொண்டுவந்தவர் சுசீலா கனகதுர்கா. பின்னர் அப்பணியை கௌரி கிருபானந்தன் தொடர்ந்தார். பின்னவருக்கு 2015ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு, வோல்காவின் நூலைத் தமிழாக்கிய 'மீட்சி'க்காகக் கிடைத்தது. வெகுசன நாவலின் மொழிபெயர்ப்பு ஆய்வேடுகளில் இடம்பெறுவது அரிது. 'வச்சிந்தி'க்கு இவர்கள் பக்கந்தோறும் கண்ட தீர்வுகள் தொகுக்கப்படின், ஒப்பிலக்கணத்திற்கு அவை நல்ல தரவாகும். 'எப்படிக் கதை எழுதுவது?' என்று ரா. கி. ரங்கராஜன் எழுத்தாளர்க்கு நூல் செய்தார். அதனை ஒத்த கைந்நூல் மொழிபெயர்ப்பாளர்க்கும் தேவை.

எண்டமூரியின் நாவல்கள் பரப்பிய 'காஷ்மோரா' என்னும் சொல்லை மட்டும் எவரும் தமிழாக்க முற்படவில்லை. 2016இல் அது அவ்வடிவிலேயே ஒரு தமிழ்த் திரைப்படத்தின் பெயராயிற்று.