வளரிளம் பருவத்தினரின் கற்றல் ஆர்வம்: வீட்டில் பெற்றோரின் பங்கு

10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இப்பருவத்தில் தாமே முடிவெடுக்கும் விருப்பம் பிள்ளைகளிடம் வளர்கிறது. எனவே, தொடக்கப் பள்ளிக் காலத்தில் பயனளித்த நேரடிக் கண்காணிப்பு இப்போது அதே பயனைத் தருவதில்லை.

ஆர்வம் எவ்வாறு உருவாகிறது?

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகியோரின் கோட்பாட்டின்படி, உள்ளார்ந்த ஆர்வத்திற்கு மூன்று உணர்வுகள் அடிப்படையாகும்: இது என் விருப்பம், இது என்னால் இயலும், என் மீது அன்பு கொண்டோர் உள்ளனர். மதிப்பெண் குறைந்தால் பெற்றோரின் அன்பும் குறையும் எனப் பிள்ளை அஞ்சினால், மூன்றாவது உணர்வு குலைகிறது.

எத்தகைய ஈடுபாடு உதவுகிறது?

நடுநிலைப் பள்ளி மாணவர்கள் குறித்த பல ஆய்வுகளை நான்சி ஹில், டயானா டைசன் ஆகியோர் 2009-இல் தொகுத்து ஆராய்ந்தனர். கல்வியின் பயனை எடுத்துரைத்தல், எதிர்காலத் திட்டங்களைக் கலந்து பேசுதல் ஆகியவை கல்வி அடைவுடன் வலுவான தொடர்பு கொண்டிருந்தன. வீட்டுப்பாடத்தில் உதவுவதற்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. ஆகவே, பாடம் சொல்லித்தர இயலாத பெற்றோரும், பள்ளிக்கே செல்லாத பெற்றோரும் தம் பிள்ளைக்குத் துணை நிற்க முடியும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• படிக்கும் நேரத்தையும் பாட வரிசையையும் பிள்ளையே வகுக்கட்டும்.
• "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதற்கு முன், "எது கடினமாக இருந்தது?" என்று கேளுங்கள்.
• உடன்பிறந்தோருடனோ உறவினர் பிள்ளைகளுடனோ ஒப்பிடாதீர்கள்.
• மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளையின் விருப்பத்தை முதலில் கேளுங்கள்.
• 13 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. இவ்வயதில் உறக்கம் வரும் நேரம் இயல்பாகவே தள்ளிப்போகும். தேர்வுக் காலத்திலும் உறக்கத்தைக் குறைக்காதீர்கள்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

ஆர்வக் குறைவைச் சோம்பல் என்று முடிவு செய்யாதீர்கள். பார்வைக் குறைபாடு, இரத்தசோகை, கற்றல் குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் காரணமாகலாம். வாட்டம், எரிச்சல், உறக்கத்திலோ பசியிலோ மாற்றம், நண்பர்களிடமிருந்து விலகல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகுங்கள்.

வாழ விருப்பமில்லை என்று பிள்ளை கூறினால், அதனை மிரட்டல் எனக் கருதாதீர்கள். தனியே விடாமல் உடனடியாக மருத்துவ உதவி பெறுங்கள். டெலி மானஸ் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் மனநல ஆலோசனை பெறலாம். பெற்றோரும் இந்த எண்ணை அழைக்கலாம்.