பார்த்துப் பயின்ற ஓவியர்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம்மவர் இல்லங்களில் தொங்கும் இலக்குமி, சரசுவதி படங்களை நாம் அறிவோம். அவற்றுக்கு வழிகாட்டிய இரவிவர்மா (1848–1906) ஓவியக் கல்லூரியிற் பயின்றவரல்லர். 1868 இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். கற்பிக்க அவர் இசையவில்லை. தாம் தீட்டுவதைப் பார்க்க மட்டுமே இடந்தந்தார். இருபது வயது இளைஞர் உற்றுப் பார்த்தார். மேனாட்டுப் படங்களையும் நோக்கித் தாமே தீட்டிப் பழகினார். எண்ணெய் வண்ணம் மெல்லக் காயும். ஆதலின் முகத்தின் ஒளியையும் நிழலையும் இழைத்துத் திருத்தலாம். 1873 இல் வியன்னாக் கண்காட்சியில் அவர் ஓவியம் பரிசு பெற்றது. 1894 இல் அவர் பம்பாயில் நிறுவிய அச்சகம் தெய்வப் படங்களை ஏழை வீடுகளுக்கும் கொண்டுசென்றது.

ஆசிரியரில்லையென ஏங்கும் இளைஞர்காள்! நல்லதொரு படத்தை முன்வைத்துத் தீட்டத் தொடங்குவோம். பார்த்தெழுதுதல் களவன்று, கண்ணுக்கும் கைக்கும் அதுவே அரிச்சுவடி.